பதினொரு மாடுகள்

தாகேதா, ரங்கூன்
1924, மார்கழி

சௌபாக்கியவதிக்கு,

சிவப்பி கன்று போட்டிருக்கிறது. கிடாரிக் கன்று. குழந்தைகளுக்குச் சொல்.

உன் தம்பி ஏன் கடிதமே போடுவதில்லை என்று மூன்று முறை கேட்டுவிட்டாய்.

போன மாதம் நம் பட்டியிலிருந்து பதினொரு மாடுகளைத் திருடர்கள் ஓட்டிப்போனார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் முழுவதற்கும் காவல் என்று சர்க்கார் துப்பாக்கி கொடுத்த என் வீட்டிலேயே திருட்டு! மானம் போயிற்று. “நீயெல்லாம் ஒரு ஆம்பிளையா?” என்று, அன்றிரவு பட்டிக்குக் காவல் இருந்த உன் தம்பியைத் திட்டினேன். வெளியே போனவன் இரண்டு நாள் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் விடிகாலையில் நல்ல பனி. மாட்டு மணிகள் கேட்டன. பின்னால் ஓர் ஆள் தெரிந்தான். இங்கே திருடர்களிடம் கத்துகிற வழக்கப்படி, பர்மா பாஷையில் ‘நில்’ என்று கத்தினேன். நிற்கவில்லை.

சுட்டேன்.

வந்து மூன்று மாதந்தானே ஆகிறது, அவனுக்கு அந்தப் பாஷை எங்கே தெரியும்?

குளம்படி பார்த்தே திருடனைப் பிடிப்பவன் என்று எனக்குப் பெயர். அந்த மாடுகள் பட்டியை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தன. அதை நான் பார்க்கவில்லை.

‘திருடன் ஒருவன் செத்தான்’ என்று மேலதிகாரி எழுதிக்கொண்டார். நானும் கையெழுத்துப் போட்டேன். நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லித் துப்பாக்கியைக் கொடுத்துவிடுவேன். அதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டும்.

என் மடியில் கிடந்தபோது அவன் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. “பதினொண்ணும் இருக்கு அத்தான், எண்ணிப் பாருங்க” என்றான்.

எண்ணிப் பார்த்தேன். பதினொன்றும் இருந்தன.

உன் முகத்தில் விழிக்க முடியாத,
உன் குழந்தைகளின் தகப்பன்