உயிர் இருக்கிறவரை போதாது, அக்கா

அக்கா,

இன்று காலை அலோர் ஸ்டாரில் ஒரு மீட்டிங். அறைக்குள் நுழைந்ததும் தைல வாசம். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். நம் பழைய அலுவலகத்தில் ஸ்கிரீனைப் பார்த்துப் பார்த்துத் தலைவலி வந்து, நெற்றியில் தைலத்தை அப்பிக்கொண்டு, "எம்பக்கத்துல ஒக்காராத, கண்ணு எரியும்" என்பீர்களே, அதே வாசம். பூசியிருந்தது வேறு யாரோ. நீங்கள் போய்விட்டது என் மூக்குக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது என் வேலை என்ன தெரியுமா? அலுவலகம் அலுவலகமாகப் போய், "உங்கள் கணினிப் பூட்டை மாற்றுங்கள்" என்று கெஞ்சுவது. குவாண்டம் கணினி என்று ஒன்று வரப்போகிறது. கோப்புகளை யாரும் படிக்காதபடி காக்கும் இன்றைய பூட்டுகள் அதன்முன் நிற்காது. அதற்கும் அசையாத புதுப் பூட்டுக்கு எல்லாரும் மாறவேண்டும் என்று அரசாங்கம் சொல்கிறது. உத்தரவு என்றுகூடச் சொல்ல முடியாது. மாறினால் நல்லது என்கிற மாதிரி ஒரு சுற்றறிக்கை. "அது வரட்டும், அப்புறம் பாப்போம்லா" என்கிறார்கள். பூட்டிய கோப்பை எவனாவது இன்றே நகலெடுத்து வைத்துக்கொண்டால், அந்தக் கணினி வரும் நாளில் திறந்துவிடுவான் என்று விளக்குகிறேன். தலையாட்டுகிறார்கள். தின்னக் கரிபாப் வருகிறது, குடிக்கத் தே தாரிக் வருகிறது, பட்ஜெட் மட்டும் வருவதில்லை. சொன்னதையே சொல்லி அலுத்துவிட்டது, அக்கா.

எங்கு போனாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இந்த விவரம் எவ்வளவு காலம் ரகசியமாக இருக்கவேண்டும்? அவர்களோ, கோப்பை எத்தனை வருஷம் வைத்திருக்கவேண்டும் என்ற விதியைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். நம் கோப்பை நாம் அழித்துவிடலாம். திருடன் கையிலிருக்கும் நகலை யார் அழிப்பது?

இன்று சமூகநலப் பிரிவு. தத்துக் கோப்புகளைப் பற்றிக் கேட்டேன். அதிகாரி நம்ம தமிழர்தான், நல்ல மனிதர். "அந்த கேஸெல்லாம் முடிஞ்சிபோச்சி மேடம். இன்னும் ஏழு வருஷம் வச்சிருந்தா போதும்லா. கடைசியா மாத்திக்கலாம்" என்றார்.

முடிந்துபோன கேஸாம்!

மெர்போக்கில் அந்த ரப்பர் தோட்டத்து வீடு நினைவுக்கு வந்தது. கல்யாணமாகாத அந்தப் பெண், குழந்தையை உங்கள் மடியில் வைத்துவிட்டு உங்கள் கையை விடவே இல்லை. "அக்கா, எம்பேரு வெளிய வராதுல்ல?"

"எனக்கு உசுரு இருக்கற வரைக்கும் வராதும்மா" என்றீர்கள்.

திரும்பும்போது குழந்தை என் மடியில் தூங்கியது. நீங்கள் ஓட்டிய அந்தப் பழைய கெரெத்தாவில் ஏர்கான் இல்லை. குரூண் தாண்டியபிறகுதான் சொன்னீர்கள்: "தப்பா சொல்லிட்டேன்டி. நான் போய்ட்டா? அவ சின்னப் பொண்ணு, எனக்கப்புறமும் இருப்பா. கம்பியூட்டரெல்லாம் ஒங்கிட்டதானே இருக்கு, நீ பாத்துக்க." நான் சிரித்தேன். அன்று என்னிடம் இருந்ததெல்லாம் ஓட்டை பிரிண்டர்கள்தான்.

அந்தக் குழந்தை, உங்கள் மகள், இப்போது கல்லூரியில். தத்துப்பிள்ளை என்று அவளிடம் நீங்கள் மறைத்ததில்லை. பெற்றவள் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெற்றவளைப் போன மாதம் கோலா கெத்தில் சந்தையில் பார்த்தேன். பக்கத்தில் கணவனும் பிள்ளைகளும். என்னைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. யாரோ எவரோ என்று நடந்துவிட்டேன். அவள் பெயர் அந்தத் தத்துக் கோப்பில் இருக்கிறது; இந்த மடலில்கூட எழுதமாட்டேன்.

"ஏழு வருஷம் போதாதுங்க" என்றேன் அதிகாரியிடம். "பெத்தவ சாகிற வரைக்கும். அப்புறம் அவ பிள்ளைங்க இருக்கற வரைக்கும்." குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. ஏன் என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை. "சரி மேடம், லிஸ்டுல இத மொதல்ல போடறேன். ஆனா பட்ஜெட்டு அடுத்த வருஷந்தான்லா."

அதுவரை பழைய பூட்டுதான். இதற்குள் எவனாவது நகலெடுத்திருந்தால் என்னால் ஒன்றும் செய்யமுடியாது. அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

வரும் வழியில் ஒரு புட்டி தைலம் வாங்கினேன். எனக்கும் இப்போது தலைவலி வருகிறது. நீங்கள் கொடுத்த வாக்கு என்னிடம்தான் இருக்கிறது, அக்கா. ஆனால் நான் போனபிறகும் அந்தப் பெற்றவள் இருப்பாள். அதற்காகத்தான் அந்தப் பூட்டுக்கு நடையாய் நடக்கிறேன்.