அறுபத்து நான்கு டிகிரி

மார்ச் 4, செவ்வாய்
செங்டுவில் இன்றும் ஈரம். ஆய்வகத்தில் அளவீட்டுப் பெட்டிக்குள் நைட்ரஜன் நிரப்பவே ஒரு மணி நேரம் ஆயிற்று. ஈரக்காற்று இருந்தால் டெராஹெர்ட்ஸ் கதிர் பாதி வழியிலேயே செத்துவிடும்.

மூத்தவள் என்பதால் காலை முறை எப்போதும் எனக்கு. வனேடியம் பூசிய தகட்டைச் சூடேற்றிக்கொண்டே போனேன். அறுபத்தெட்டு டிகிரியில்தான் அதில் பட்ட கதிர் திரும்பியது.

நான் சாப்பிடப் போனதும் கருவி முன் யாவ்யின் உட்கார்ந்தாள். ஆய்வில் என்னைவிட மூன்று வருடம் இளையவள். சாப்பாட்டு மேசைக்கே ஓடி வந்தாள். “அக்கா, அறுபத்து நாலுலயே திரும்பி நிக்குது!”

அதே தகடு. அறுபத்து நான்கில் எனக்கு அசையவே இல்லையே?

மார்ச் 5
இன்றும் அவளுக்கு அதேதான். பேராசிரியர் டாவ் சிரிக்கிறார்: “கட்டுரைல மொதல் பேர் அவளுதுதான் போல, ரூலான்!” நானும் சிரித்து வைத்தேன். நாலு வருஷமா இதோட மாரடிச்சவ நான்.

மார்ச் 6
பிடித்துவிட்டேன். நான் விட்டுப்போன சூட்டிலிருந்து, தகடு ஆறும்போது அளக்கிறாள். குறிப்பேட்டில் ஏறுசூடா இறங்குசூடா என்று எழுதவே இல்லை. இந்தப் பூச்சு பட்ட சூட்டை லேசில் மறக்காது; ஆறும்போது அறுபத்து நான்குவரை கதிரைத் திருப்பியே வைத்திருக்கும். முதல் வருடப் பாடம்.

சொல்லமாட்டேன். நாளைய கூட்டத்தில் மாட்டிக்கொள்ளட்டும்.

மார்ச் 7, வெள்ளி
டாவ் கேட்டேவிட்டார்: “ஏத்தும்போதா, எறக்கும்போதா?”

“எறக்கும்போதுதான் சார். அக்கா எழுபதுல விட்டுட்டுப் போவாங்க. ஏத்திப் பாக்க எனக்கு எங்க முறை கெடைக்குது?” அவள் நிறுத்தவில்லை. “ஒருதடவ சூடு காட்டிட்டாப் போதும் சார். அப்புறம் அறுபத்து நாலுலயே திரும்பின கதிரப் பிடிச்சு வெச்சிடலாம். மின்சாரமும் மிச்சம்.”

டாவ் எழுந்தேவிட்டார்.

நான்கு வருடமாக, நான் சாப்பிடப் போன நேரத்தில்தான், தகடு ஆற ஆற, அது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

மார்ச் 8
பொறாமைதான். வேறென்ன.

ஏப்ரல் 2
கட்டுரை போய்விட்டது. அவள் பெயர் முதலில், என்னுடையது அடுத்து. செய்முறைப் பகுதியில் ஒரு வரி: ‘அளவீட்டுக்கு முன் தகடு எழுபது டிகிரிக்குச் சூடேற்றப்பட்டது.’ என் நான்கு வருடம் அந்த வரிதான்.

காலையில் அவளை முதலில் உட்காரச் சொன்னேன்.

“காலை முறை உங்களுதாச்சே அக்கா?”

“உக்காருடி.”

அவள் சாப்பிடக் கிளம்பும்வரை, நான் உட்காருமுன் தகடு ஆறிவிடக் கூடாதே என்று அங்கேயே நின்றிருந்தேன்.