உங்கள் இருபத்திரண்டும் என் இருபத்தாறும்

அர்ஃபான் அத்தா,

இன்று உங்களுக்கு ரத்தப் பரிசோதனை. மேசையில் உள்ள இடியாப்பம் நம் மகன் அர்ஃபானுக்கு. நீங்கள் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். தே தாரிக் டீயும் கூடாது.

நேற்று ஆங் மோ கியோவில் உங்கள் அக்கா வீட்டு விருந்தில் என்ன சொன்னீர்கள்? "என் பிஎம்ஐ இருபத்திரண்டு லா! மைமூனுக்கு இருபத்தாறு. அவளுக்குப் பிரியாணி கொஞ்சமா வைங்க." எல்லாரும் சிரித்தார்கள். வெட்கங்கெட்டு நானும் சிரித்து வைத்தேன்.

பிஎம்ஐ என்பது எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண், அவ்வளவுதான். தேக்கா துணிக்கடையில் நாள் முழுக்கத் துணிக்கட்டு தூக்கும் என் உடம்பும் அதற்குத் தெரியாது. சட்டைப் பொத்தானைத் தெறிக்க வைக்கும் உங்கள் தொந்தியும் தெரியாது. போன வாரம் டாக்டர் உங்கள் இடுப்பை டேப்பால் அளந்துவிட்டு, "சுகர் இருக்கான்னு பாத்துடலாம்" என்றாரே, அதை ஏன் விருந்தில் சொல்லவில்லை, ஒல்லி மகாராஜா?

எனக்கும் எடை கொஞ்சம் அதிகம்தான். அதை டாக்டரிடம் நானே பேசிக்கொள்வேன். ஊருக்கு அறிவிக்க நீங்கள் வேண்டாம்.

மைமூன்

பி.கு.: கடையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டிருக்கிறேன். கிளினிக் வாசலில் நிற்பேன். ஊசிக்குப் பயந்து பாதியில் திரும்பிவிடாதீர்கள். ரிசல்ட் எதுவானாலும் உங்கள் அக்காவிடம் நான் சொல்ல மாட்டேன்.