தலைமாடு, கால்மாடு

12.1.2009, திங்கள்

பனி. ஏழு மணிக்கு எதிர் வீடு தெரியவில்லை. பனிதானா, என் கண்ணா என்று கமலாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

சிதம்பரத்தில் கண் டாக்டரிடம். கமலா துணைக்கு. வேண்டாம் என்றேன், வந்தாள். என் கணவர் இருந்தவரை அவருடைய தங்கை. இப்போது எனக்குக் காவல்.

டாக்டர் சின்னப் பெண். சுற்றி வளைக்காமல் சொன்னாள். இடது கண்ணில் போனது போனதுதான். வலதைக் காப்பாற்ற வேண்டும். கண் நீர் அழுத்தம்.

கமலா: "பிரஷரா? அண்ணி உப்பே ஜாஸ்தி சேக்கறதில்லீங்களே."

"அது ரத்தத்துல இருக்கற பிரஷர்மா. இது கண்ணுக்குள்ள."

உட்கார வைத்து அளந்தாள்: 18. படுக்கச் சொன்னாள். சிறிது நேரம் கழித்துப் பேனா போன்ற ஒன்றைக் கண்ணில் தொட்டு எடுத்தாள்: 23. நான் ஒன்றும் செய்யவில்லை. படுத்தேன், அவ்வளவே. எழுபத்து மூன்று வருடமாகத் தினமும் படுத்து எழுகிறேன். கண்ணுக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியாது.

திரையில் நரம்பின் படம். ஆரஞ்சு வானத்தில் வெளிறிய நிலா, நடுவில் குழி. வலதில் சின்னக் குழி. இடதில் குழி மட்டுமே. உண்மையில் அந்த நரம்பு முனை கடுகளவுதானாம். பார்த்த முகம், படித்த புத்தகம், கடல், எல்லாம் அந்தக் கடுகு வழியாக உள்ளே போயிருக்கின்றன. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வரிசை.

குறிப்பு:
சொட்டு இரவு 1.
குப்புறப் படுக்கக் கூ.
குனிந்து வேலை கூ.
கட்டில் கால் உயர்த்த.

13.1.2009, செவ்வாய்

போகி. தெரு முழுக்கப் புகை. கண் எரிச்சல்.

கொல்லையில் மீந்த செங்கல் நான்கு. கமலா கழுவிக் கொண்டுவந்தாள்.

"அண்ணி, கால்மாட்டுலயா வைக்கணும்?"

"எழுதியிருக்கிறேனே. படி."

"கால்னுதான் போட்டிருக்கு." வைத்துவிட்டாள்.

21.1.2009, புதன்

காலையில் முகம் கனக்கிறது. தலை சரிந்து கீழே போகிற உணர்வு. வலது கண்ணில் காபி குடிக்கும்வரை மூட்டம். வைத்தியம் என்றால் இப்படித்தான் இருக்கும். கான்வென்ட் விடுதியில் பலகையில் தலையணை இல்லாமல் படுத்தவள் நான். இதுவும் பழகும்.

கமலா: "டாக்டருக்கு போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டா என்ன? கௌரவம் கொறஞ்சிடுமா?"

தேவையில்லை என்றேன்.

தபால்: மகன் கடிதம். பூதக்கண்ணாடி வைத்து நானே படித்தேன்.

2.2.2009, திங்கள்

சிதம்பரம். உட்கார்ந்தே 24. டாக்டரின் முகம் மாறியது. சொட்டு? தவறவில்லை. படுக்கை?

கமலா முந்திக்கொண்டாள். "நீங்க சொன்னபடியே உசத்தியாச்சுங்க. கால்மாட்டுல ரெண்டு ரெண்டு செங்கல்."

"கால்மாடா? தலைமாட்டுக் கட்டில் காலைத்தாங்க சொன்னேன்! மூணு வாரமா தலை கீழயா படுத்திருக்காங்க?"

கமலா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தேன்.

"நான்தாங்க மாத்தி வச்சிட்டேன்," என்றாள்.

மறுக்கவில்லை நான். அழுத்தம் ஏறியது அதனால் மட்டும்தான் என்று அடித்துச் சொல்ல முடியாதாம். இரவு முழுக்கத் தலை தாழ்ந்தால் கண்ணுக்கு நல்லதில்லை என்பது மட்டும் நிச்சயமாம். இன்னொரு சொட்டு. ஆறு வாரம் கழித்து மறுபடி பார்வைச் சோதனை. பார்வை குறைந்திருந்தால் ஆபரேஷன்.



3.2.2009, செவ்வாய்

செங்கல்களைத் தலைமாட்டுக்கு மாற்றியாகிவிட்டது. குறிப்பை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து. கோணல் இல்லை, பிழை இல்லை. ஒரு சொல் இல்லை. இரண்டு செங்கல் உயரம். அதற்குள் கண்ணில் ஒரு கடல் ஏறி இறங்குகிறது.

கமலா வழக்கம்போல் காபி கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. குடிக்க முடியவில்லை.

16.3.2009, திங்கள்

வெயில் தொடங்கிவிட்டது. 7.40 பஸ்.

சோதனை. இருட்டுக் கிண்ணத்துக்குள் முகம். எங்கோ ஒரு புள்ளி வெளிச்சம். தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். சில நட்சத்திரம் போல. சில இருக்கிறதா என்றே சந்தேகம். பொய்யாக அழுத்தவில்லை. தெரிந்தவரை அழுத்தினேன்.

அழுத்தம் 15. டாக்டர் ஜனவரியில் எடுத்த சோதனைத் தாளையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கமலா என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"அப்படியே இருக்கும்மா. ஒரு புள்ளிகூட போகல. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்."

கமலா அழுதாள். "இனிமே செங்கல நாந்தொட மாட்டேன் சாமி."

அப்போது சொன்னேன். தவறு கமலாவுடையது இல்லை, குறிப்பை எழுதியவள் நான், அவள் கேட்டபோதும் அதட்டியவள் நான் என்று.

டாக்டர் சிரித்தாள். "யாரு எழுதினாங்கன்னு கண்ணுக்குத் தெரியாதும்மா. எப்படிப் படுத்தீங்கன்னுதான் தெரியும்."

படியிறங்கும்போது கமலா: "இத்தினி நாளு கழிச்சா அண்ணி? நான் சாவறதுக்குள்ள சொன்னீங்களே, அதுவே பெருசு."

பஸ்ஸில் வலது பக்க ஜன்னல் எனக்கு. வெள்ளாற்றுப் பாலம். தண்ணீர் முழுக்க வெயில். கண் கூசியது, மூடவில்லை.