இரண்டாவது எண்

8 ஜூலை 2024, திங்கள்

ஒன்பதாம் வகுப்புத் தாள்களை இன்றும் திருத்தி முடிக்கவில்லை. உட்கார்ந்தால் பீரோ பக்கமே கண் போகிறது. வாசல் பூட்டை உடைத்து அம்மாவின் சங்கிலியைக் கொண்டுபோய்ப் பத்து நாளாகிறது. பட்டப்பகலில், நான் பள்ளியில் இருந்தபோது. அல்லிநகரத்தில் இப்படி நடக்குமென்று யார் நினைத்தார்கள்?

வீட்டுக்காரருக்கு இடுக்கி மலையில் ஏலத்தோட்ட வேலை, வாரம் ஒருமுறைதான் வருகிறார். மகள் கயல் மதுரையில் ஹாஸ்டலில். பகலெல்லாம் வீட்டில் ஆளில்லை. செய்தி கேட்டதும் கம்பத்திலிருந்து ஓடிவந்தவன் தம்பி செல்வமணிதான். புதுப் பூட்டு வாங்கி அவனே மாட்டினான். "பயப்படாதக்கா, நான் இருக்கேன்ல."

13 ஜூலை, சனி

கயலின் பிடிவாதத்தில் அலாரம் வைத்தாயிற்று. மாட்ட வந்தவர் பெயர் திலீபன்.

"லேண்ட்லைன் இருக்கா மேடம்?"

அதை ஒப்படைத்துப் பல வருடமாகிறது என்றேன். அவ்வளவுதான், நடக்காது என்று நினைத்தேன்.

"தேவையே இல்ல. உள்ள ஒரு சிம் போட்டுருவோம். அது நேரா சென்னைக்குச் சொல்லிரும். கரண்டு போனாலும் பேட்டரி இருக்கு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சிக்னல் தேடினார். மாடிப்படிக்குக் கீழேதான் கிடைத்தது. சோதனைக்குக் கதவைத் திறந்தோம், சைரன் அலறியது. ஒரு நிமிடத்தில் சென்னைக் கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்து, ரகசியச் சொல் கேட்டாள்!

நான் எடுக்காவிட்டால் கூப்பிட இரண்டாவது எண் வேண்டுமாம். மலையில் அவருக்கு டவர் கிடைக்காது. செல்வமணி எண்ணைக் கொடுத்தேன்.

14 ஜூலை, ஞாயிறு

தம்பியிடம் போனில் சொன்னேன். சிரித்தான். "போன் ஒயரே இல்லாத வீட்ல அது யாருக்குக்கா சொல்லும்?" தொண்டை வலி. விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

24 ஜூலை, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

நாலாவது பீரியட் முடிந்து வந்து போனைப் பார்த்தால் மூன்று தவறிய அழைப்புகள். பார்க்கும்போதே மறுபடி அடித்தது. சென்னைப் பெண்.

"மேடம், உங்க முன்கதவு திறந்திருக்கு, ஹால்ல ஆள் நடமாட்டம் இருக்கு. நீங்க எடுக்கலன்னு ரெண்டாவது நம்பருக்குப் பேசினோம். கம்பத்துல இருக்கேன், அது பொய் அலாரம், போலீசுக்குச் சொல்ல வேண்டாம்னார்."

"அப்ப சரிம்மா."

அவள் தயங்கினாள். "மேடம்... அவர் பேசும்போது பின்னாடி சைரன் கேட்டுச்சு. உங்க வீட்டுல மாட்டியிருக்கிற அதே சைரன்."

புரியவில்லை. பிறகு புரிந்தது. அவன் கம்பத்தில் இல்லை, என் வீட்டுக்குள் நிற்கிறான்.

"நீங்க சொல்லுங்க மேடம். பொய் அலாரமா?"

ஆமாம் என்றால் முடிந்தது. எந்தம்பி — இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச பிள்ளை.

"இல்ல. போலீசுக்குச் சொல்லுங்க."

நானா சொன்னேன்?

ஆட்டோவில் போய் இறங்கியபோது இரண்டு போலீஸ்காரர்கள் அவனை வாசலில் பிடித்து வைத்திருந்தார்கள். இன்டர்நெட் ஒயர் அறுந்து தொங்கியது. அதை வெட்டினால் அலாரம் வெளியே யாருக்கும் சொல்ல முடியாது என்று நினைத்திருக்கிறான். புதுப் பூட்டின் சாவி ஒன்றைத் தன்னிடமே வைத்திருந்திருக்கிறான். கையில் பத்திரம் — அப்பா எனக்கு எழுதிவைத்த திராட்சைத் தோட்டத்தின் பத்திரம். அங்கே பாடுபடுகிறவன் அவன்தான்.

"யாரும்மா இவன், தெரியுமா?"

"எந்தம்பி."

25 ஜூலை, வியாழன்

லீவு. சோறு இறங்கவில்லை.

27 ஜூலை, சனி

கிளைச் சிறையில் அவனைப் பார்க்க விட்டார்கள்.

"நீ தோட்டத்த விக்கப் போறன்னு சொன்னாக. பத்திரம் எங்கையில இருந்தா விக்க முடியாதுல்ல."

முதல் தடவையும் அவன்தான். அன்றைக்குப் பத்திரம் அகப்படாமல், திருட்டு மாதிரி தெரியட்டும் என்று சங்கிலியை எடுத்திருக்கிறான். அன்று சாயங்காலமே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினானே, அது என்ன கண்ணீர்?

"ஏலே, ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டியா நீ?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேண்டா."



11 ஆகஸ்ட், ஞாயிறு

ஜாமீனில் வந்துவிட்டான். வழக்கை வாபஸ் வாங்கு என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்கள், அவரும்கூட. தம்பி மனைவி பஞ்சம்மாள் மட்டும் வந்தாள், ஒன்றும் கேட்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

18 அக்டோபர், வெள்ளி

கம்பம் பத்திர ஆபீஸ். தோட்டத்தை எழுதிக்கொடுத்துவிட்டேன். தம்பி பெயருக்கு இல்லை, பஞ்சம்மாள் பெயருக்கு. அவன் பாடுபட்டதில் பாதிக்கு மேல் அவள் உழைப்பு. கொடி கட்டிக் கட்டித் தேய்ந்த அவள் விரல், ரேகை மிஷினில் பதியவே இல்லை. சேலையில் துடைத்துத் துடைத்து நாலாவது தடவை பதிந்தது.

வெளியே வந்ததும் முதல் முறையாகக் கேட்டாள். "அப்ப கேச வாபஸ் வாங்கிருவீகளா மதினி?"

"இல்ல."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "சோறாக்கி வச்சிருக்கேன், சாப்புட்டுப் போங்க. அவுக தோட்டத்துல இருக்காக, வரப் பொழுதாகும்" என்றாள்.

போனேன். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். அவன் வருவதற்குள் பஸ் ஏறிவிட்டேன்.