உள்ளே தூங்கும் குழந்தை கிடைக்கவில்லை

ஒவுலு,
நவம்பர் 14

என் தங்கம் ரீக்காவுக்கு,

அக்கா மெர்வி எழுதுவது. சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாய். என் ஆராய்ச்சிக் கேள்வியை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! இது மூன்றாவது தடவை, கடைசித் தடவையும்கூட. இப்போதும் திருப்பி அனுப்பியிருந்தால் பல்கலைக்கழகத்தில் என் இடம் போயிருக்கும். குழந்தைகள் நல மையத்தில் படிப்புக்காகக் கொடுத்திருக்கிற அரைநாள் விடுப்பும் போயிருக்கும். நான் பழையபடி காலை முதல் மாலை வரை எடை பார்த்து ஊசி போட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். நேற்று முதல் என் கால் தரையில் பாவவில்லை. உன் அத்தான் யுஹானி, "கொஞ்சம் உக்காரு, உன்னைப் பாத்துப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்கிறார். அவர் ஒரு மாதத்தில் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

போர்த்தோவில் எல்லோரும் சௌக்கியமா? குட்டி தோமேவுக்கு மேல்பல் வந்துவிட்டதா? உன் மாமியார் டோனா லூர்தெஸ் நீ நம் ஊர் வழக்கப்படி தோமேவைப் பகலில் வெளியே தூங்கப் போட்டுவிடாதபடி இன்னும் பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் நடமாடுகிறாரா? "பச்சப்புள்ளையைக் கொண்டுபோய்க் குளிர்ல கிடத்துறாளே, இவ பொம்பளையா பனிக்கரடியா" என்று அவர் தெருவுக்கே கேட்கக் கத்தியதையும், நீ அழுதுகொண்டே, "அக்கா, நீ நர்ஸ்தானே, அவங்க வாயை அடைக்கிற மாதிரி ஆராய்ச்சியில வந்த ஒரு நம்பர் குடு, ஒண்ணே ஒண்ணு போதும்" என்று கேட்டதையும் நான் மறக்கவில்லை. இத்தனை கூத்தும் அந்த ஒரு போனில் ஆரம்பித்ததுதானே.

அன்று உனக்குக் கொடுக்க என் கையில் எதுவும் இல்லை. இத்தனை வருஷமாக அம்மாக்களிடம், "வெளியே போடுங்க, நல்லாத் தூங்கும்" என்று சொல்லிவருகிறேன். எவ்வளவு நல்லாத் தூங்கும் என்று கேட்டால் திருதிருவென விழிக்கிறேன். எனக்கே வெட்கமாகிவிட்டது. சரி, நானே அளந்துவிடுகிறேன் என்று கிளம்பினேன்.

முதல் தடவை நான் எழுதிக்கொண்டு போன கேள்வி, "வெளியில் தூங்குவது குழந்தைக்கு நல்லதா?" என்பது. பேராசிரியர் உல்பு வான்ஸ்காவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது, இரக்கம் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. அவர் தாளைப் படித்துவிட்டு, "நல்லதுங்கிறதை எந்தத் தராசுல வச்சு நிறுக்கப் போறே மெர்வி? கிலோவா, லிட்டரா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அளக்க முடியாததைக் கேட்டால் அது பிரசங்கம், ஆராய்ச்சி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இரண்டாவது தடவை உஷாராகிவிட்டேன். "வெளியில் தூங்கும் குழந்தைகள், உள்ளே தூங்கும் குழந்தைகளைவிடப் பகலில் அதிக நேரம் தூங்குகின்றனவா?" தூக்கத்தை நிமிஷமாக அளக்கலாம். கணுக்காலில் கட்டுகிற சின்னக் கருவி ஒன்று இருக்கிறது, அசைவை வைத்தே தூக்கத்தைச் சொல்லிவிடும். இரண்டு கூட்டம், ஒரு அளவு, நேரடி ஒப்பீடு. எத்தனை பெருமையோடு போனேன் தெரியுமா? புதுக் கம்பளிச் சட்டை வேறு.

உல்பு வான்ஸ்கா காபியைக் கீழே வைத்தார். "உள்ளே தூங்குற குழந்தைங்களை எங்கேயிருந்து கூட்டிட்டு வருவே?" என்று கேட்டார். அதெல்லாம் இருக்கும் என்றேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்து, "இங்கே யார் வீட்டுக் குழந்தையாவது பகல்ல வீட்டுக்குள்ள தூங்குதா?" என்றார். ஒரு கை எழும்பவில்லை. "யாராவது சின்ன வயசுல உள்ளே தூங்கினீங்களா?" ஊஹூம். எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. ஊரில் எல்லோரும் ஒன்றையே செய்தால் எதோடு எதை ஒப்பிடுவது? பிறந்ததிலிருந்து முற்றத்தில் குழந்தைகள் தூங்கும் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது தோன்றவே இல்லை, ரீக்கா. டோனா லூர்தெஸாக இருந்தால் முதல் நிமிஷத்திலேயே கேட்டிருப்பார்!

நானா விடுகிறவள்? ஒரு மாதம் மையத்துக்கு வருகிற அம்மாக்களையெல்லாம் கேட்டுத் துளைத்தேன். உள்ளே தூங்குகிறதா என்றால், "ஏன், வண்டி ஏதும் காணாமப் போச்சா?" என்று திருப்பிக் கேட்டாள் ஒருத்தி. கடைசியில் ஹெய்னி என்ற பெண்ணின் பையன் உள்ளே தூங்குகிறான் என்று தெரிந்தது. ஓடினேன். பையனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சளி பிடித்ததால் உள்ளே போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். சளிக்காரனின் தூக்கத்தையும் சுகமாக இருப்பவனின் தூக்கத்தையும் பக்கத்தில் வைத்தால் உள்ளே, வெளியே என்பதைப் பற்றி என்ன தெரியும்? சளியைப் பற்றித்தான் தெரியும். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல இருந்தது. கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஹெய்னிக்கோ என் துக்கம் தெரியாது, அவள் பாட்டுக்குப் புலம்பினாள்: "இவன் ஒரு படுத்தல்காரன். சளி வர்றதுக்கு முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை வெளியே தூறல், அரை மணியில முழிச்சுக்கிட்டான். மறுநாள் பனி இறுகிச்சு, சாப்பாடு வரைக்கும் அசையலே. வானத்தைப் பாத்துத் தூங்குறான், என்னைப் பாத்து இல்லே!" அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் கோட்டை மாட்டிக்கொண்டுவிட்டேன். அட, என் மண்டையே! எல்லோரும் வெளியில்தான் தூங்குகிறார்கள், ஆனால் வெளி என்பது தினம் ஒன்றா? கதவுக்கு உள்ளேயா வெளியேயா என்பது மாறாது. குளிர் மாறும்.

அப்படிப் பிறந்ததுதான் மூன்றாவது கேள்வி. "வண்டிக்குள் வெப்பம் குறையக் குறைய, அதே குழந்தையின் பகல் தூக்கம் எத்தனை நிமிஷம் கூடுகிறது அல்லது குறைகிறது?" ஒவ்வொரு வண்டியிலும் ஒரு வெப்பமானி, ஒவ்வொரு கணுக்காலிலும் ஒரு கருவி. ஒவ்வொரு குழந்தையையும் அதே குழந்தையோடு ஒப்பிடுவேன். யாரையும் உள்ளே போடு, வெளியே போடு என்று சொல்லமாட்டேன். அவரவர் வழக்கப்படியே செய்யட்டும், கடுங்குளிரில் உள்ளே வைக்கச் சொல்கிற எங்கள் வழக்கமும் அப்படியே இருக்கட்டும், நான் அளக்க மட்டும் செய்வேன்.

நேற்று உல்பு வான்ஸ்கா இதை இரண்டு தடவை படித்தார். வகுப்பில் எல்லோரும் இலவங்கப்பட்டை ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். பிறகு தன் நாக்குக் கத்தியை எடுத்தார். "குழந்தை வளரும் மெர்வி. குளிர் போய் வசந்தம் வரும்போது அவன் அஞ்சு மாசம் பெரியவனாயிருப்பான். பெரியவனாக ஆகப் பகல் தூக்கம் தானாக் குறையும். நீ குளிரை அளக்கிறியா, வயசை அளக்கிறியா?"

எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இதற்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன்! "நான் பருவத்தைப் பருவத்தோட ஒப்பிடலே. நேத்தை இன்னிக்கோட ஒப்பிடறேன். நம்ம ஊர் நவம்பர்ல நேத்து தூறல், இன்னிக்கு உறைபனி. ஒரு ராத்திரியில வானிலை தலைகீழா மாறும், எந்தக் குழந்தையும் ஒரு ராத்திரியில வளந்துடாது" என்றேன். ஒரு மூச்சில் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். "மோசமில்லே" என்றார். நம் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது என்று உனக்குத் தெரியாதா? பின் வரிசையில் யாரோ கை தட்ட ஆரம்பித்து, பிறகு வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார்கள். வெளியே வந்து பனியில் நின்று ஒரு ஊளையிட்டேன். நாயைக் கூட்டிப்போன ஒரு கிழவர் தெருவின் அந்தப் பக்கம் மாறிப் போனார்.

ஆனால் ரீக்கா, இப்போது என்னிடம் இருப்பது கேள்வி மட்டும்தான். பதில் எப்படி வருமோ தெரியாது. குளிரில் தூக்கம் கூடவே இல்லை என்றுகூட வரலாம், வந்தால் அதையும் அப்படியே எழுதுவேன். அதற்கு இரண்டு குளிர்காலமாவது ஆகும். அதுவரை டோனா லூர்தெஸுக்கு எதிராக நான் உனக்கு எந்த நம்பரும் தர முடியாது.

அன்று போனை வைக்கும் முன் நீ மெதுவாக, "அக்கா, நான் நிஜமாவே கல்நெஞ்சுக்காரியா?" என்று கேட்டாய். அதற்குக் கருவி வேண்டாம், ஒப்பிட இன்னொரு கூட்டம் வேண்டாம், பேராசிரியரின் கையெழுத்தும் வேண்டாம். இல்லடி. நீ நல்ல அம்மா. என் தோமே நன்றாகத் தூங்கட்டும், உள்ளேயோ வெளியேயோ. நீயும் கொஞ்சம் தூங்கு, கண்ணே.

என்றும் உன் பக்கம் நிற்கும்,
மெர்வி அக்கா