துண்டோடு வந்தவர்

அக்கா,

இன்று காலை எங்கள் வாசல் படலையில் ஒரு துண்டுப் பிரசுரம் செருகியிருந்தார்கள். ஒழுங்கைக்குப் புதிதாகப் போட்ட தார் வீதி, அதன் பக்கத்தில் கைகூப்பிச் சிரிக்கும் அமைச்சர், மூலையில் அரச இலச்சினை. தேர்தல் வருகிறது என்று வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. தேநீர் ஆறும்வரை வாசிப்போம் என்று கையில் எடுத்தேன். சற்று நேரத்தில் பார்த்தால், என் கை அதை மருந்துப் பொட்டலமாக மடித்துவிட்டிருந்தது. அமைச்சர் உள்ளே போய்விட்டார். நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

போரில் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபின் காட்டோரக் கொட்டிலில் நடந்த அந்த ஆஸ்பத்திரியில் நீங்கள் மருந்து கொடுப்பவர், நான் உங்கள் கையுதவி. மருந்துக்கு அரசாங்கத்தின் தடை, தாளுக்குத் தட்டுப்பாடு. வானத்திலிருந்து மட்டும் தாள் குறைவில்லாமல் வந்தது. விமானச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடுவோம். சில நாட்களில் குண்டுக்குப் பதிலாகக் காகிதம் விழும். அரசாங்கம் எங்கள்மேல் எவ்வளவு அக்கறையாக இருக்கிறது என்று நல்ல தாளில், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்திருப்பார்கள். வயலில் பொறுக்கிவந்து நாங்கள் அதில் மருந்துக் குளிசை கட்டிக் கொடுப்போம்.

"நெருப்புப்பெட்டிக்கும் சீனிக்கும் நாங்களும்தானே வரி குடுக்கிறம். எங்கட காசில எங்களுக்கே கதை சொல்லுகினம்" என்பீர்கள். கோபமில்லாமல்தான் சொல்வீர்கள். கோபப்படுகிற வேலையை என்னிடம் விட்டிருந்தீர்கள்.

மாரி தொடங்க மலேரியாவும் தொடங்கியது. குளிசை முடிந்துகொண்டு வந்து, கடைசியில் ஒருவருக்குப் போதுமானது மட்டும் மிஞ்சியது. உங்களுக்கும் காய்ச்சல் விட்டுவிட்டு வந்ததால், அதை டொக்டர் உங்களுக்கென்று அலுமாரி மூலையில் ஒதுக்கி வைத்தார். "இவா படுத்தா மருந்து குடுக்கிற யன்னலைப் பூட்ட வேண்டியதுதான்" என்றார். அந்தக் கிழமை விழுந்த பிரசுரத்தில், வன்னி ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் போதிய மருந்து அனுப்பப்பட்டிருப்பதாக எழுதியிருந்தது.

அந்தப் பிரசுரத்தோடுதான் அவர் வந்தார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த கடற்றொழிலாளி. கழுத்தில் செபமாலை, சைக்கிள் முழுக்கச் சேறு. மழையில் நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த பிரசுரத்தை எடுத்து யன்னலுக்குள் நீட்டினார்.

"மிஸ், மனிசிக்கு நடுங்கிக் காய்ச்சல் காயுது. இதில மருந்து வந்திட்டுதெண்டு போட்டிருக்கு. அதுதான் துண்டைக் கையோட கொண்டந்தனான்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. அப்போது எங்களுக்கு எல்லாமே துண்டில்தான் நடந்தது. நிவாரண அரிசிக்குத் துண்டு, மண்ணெண்ணெய்க்குத் துண்டு, வவுனியாவுக்குப் போகவும் துண்டு. முத்திரை குத்திய தாளைக் கொடுத்தால் ஏதாவது கிடைக்கும் என்று பழகிப்போயிருந்தோம்.

நீங்கள் சிரிக்கவில்லை. பிரசுரத்தை வாங்கி, எழுத்து உட்பக்கம் வர மடித்தீர்கள். பிறகு அலுமாரியைத் திறந்தீர்கள்.

"அக்கா, அது உங்களுக்கு வைச்சதெல்லே" என்று காதுக்குள் சொன்னேன்.

"அவர் துண்டோட வந்திட்டாரடி" என்றீர்கள். குளிசைகளைப் பொட்டலத்துக்குள் போட்டு, சாப்பிட்டபின் கொடுக்கவேண்டும் என்று அவருக்கு விளங்கப்படுத்தினீர்கள்.

அவர் வரிசைப் பக்கம் திரும்பினார். "சிரிச்சியள்! பாத்தியளே, அரசாங்கம் சொன்னபடி தந்திட்டுது!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சைக்கிளில் ஏறியதும், "அவையின்ர பொய்யை நீங்களெல்லோ உண்மையாக்கிப்போட்டியள்" என்றேன்.

"பேரை ஆரும் கொண்டுபோகட்டும். அந்த மனிசி எழும்பினாச் சரி" என்று அடுத்தவரைக் கூப்பிட்டீர்கள்.

அந்த மாரி முடிவதற்குள் காய்ச்சல் உங்களுக்கு மூளைக்கு ஏறிவிட்டது. வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பாஸ் கேட்டோம். பாஸ் வருமுன் நீங்கள் போய்விட்டீர்கள். அந்தக் குளிசைகள் இருந்திருந்தால் தப்பியிருப்பீர்களா என்று டொக்டரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மறுபடி கேட்கவில்லை.

சில கிழமைகள் கழித்து அந்தக் கடற்றொழிலாளி திரும்பி வந்தார். சைக்கிள் கரியரில் மனைவி. மெலிந்திருந்தாலும் தானாகவே இறங்கி நடந்தார். உங்களுக்கென்று கருவாட்டுப் பொதி ஒன்று கொண்டுவந்திருந்தார்கள்.

"அந்த மிஸ் எங்கை, பிள்ளை?"

மலேரியாவில் போய்விட்டார் என்று சொன்னேன். மனைவி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அவர் கருவாட்டைக் கையில் வைத்தபடி, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"ஏன் பிள்ளை, அவாவுக்கு அந்தத் துண்டு கிடைக்கேல்லையோ?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி உயிரோடு நின்றுகொண்டிருந்தார்.

"இல்லை அண்ணை, கிடைக்கேல்லை" என்றேன்.

புதிய வீதி நல்ல வீதிதான் அக்கா. நானும் அதில்தான் சந்தைக்கு நடக்கிறேன். பிரசுரம் இன்னும் மேசையில் வெறும் பொட்டலமாகக் கிடக்கிறது. இதெல்லாம் அரசாங்கம் தந்தது என்று யாராவது சொன்னால் நான் வாதாடுவதில்லை. உங்கள் கை அந்த அலுமாரியைத் திறப்பதுதான் எனக்குத் தெரிகிறது.